நீ வைத்த ஒப்பாரி

நேற்றுப் பின்னேரம் உன் படம் என் போனுக்கு வந்தது. நாடகத்துறைப் பிள்ளைகள் அனுப்பியிருந்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வாய் திறந்தபடி நிற்கிறாய். கட்டியிருப்பது என் அம்மாவின் சேலை. ஊதா நிறம், மஞ்சள் கரை. நான்காம் வருடத் தயாரிப்புக்காக ஒரு நாளைக்கென்று என்னிடம் வாங்கிக்கொண்டு போனாய். பிறகு அது உன்னோடு கொழும்புக்குப் போனது, நோர்வேக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் திரும்பவில்லை.

உன் நினைவாக அந்த நாடகத்தை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்களாம். நான் வந்து நம் நட்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். நீ செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த நேரத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று சொல்லக்கூடியதாக என்னிடம் எதுவும் இல்லை. இருப்பதை உனக்கே எழுதுகிறேன்.

நாவற்குடாவில், கம்பஸ் விடுதியில், ஒரே அறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தோம். நீ டவுன்காரி, நான் சித்தாண்டி. முதலாம் வருடத்தில் எங்களை வட்டமாக நடக்கவிட்டு, ஒவ்வொருவருடைய நடையையும் மற்றவர்கள் கவனிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி தந்தார்கள். "இவள்ற நடையப் பாருங்கடி, மண்டபத்துக்குள்ளயும் வயல் வரம்புல நடக்கிறாள்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு கிழமை கழித்து நீ அதே நடையை நடந்து காட்டி விரிவுரையாளரிடம் பாராட்டு வாங்கினாய். ஒருவர் நம்மை இவ்வளவு கவனித்திருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு வயது இருபத்தொன்று. கவனிப்பதும் அன்பு வைப்பதும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருட விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான்கு நாள் நின்றாய். அம்மா உனக்கென்று தேடிப்போய்க் கொடுவா மீன் வாங்கி ஆக்கினார். இரண்டாம் நாள் பக்கத்து வளவில் ஒரு சாவு. பெண்கள் வட்டமாகக் குந்தி, தோளில் தோள் கோத்து ஒப்பாரி வைத்தார்கள். சாவீட்டில் அழுகிறவர்கள் கிடத்தியிருப்பவருக்காக மட்டும் அழுவதில்லை. அவரவர் தங்கள் சாவுகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். அம்மா தன் புருசனை, எங்கள் ஐயாவைக் கூப்பிட்டார், பெரியம்மாவைக் கூப்பிட்டார். அதோடு நிறுத்திவிட்டார். அண்ணாவைக் கூப்பிடவில்லை.

அண்ணா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, சண்டைக் காலத்தில், பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா ஐயாவுக்குத் திதி கொடுப்பார், அண்ணாவுக்குக் கொடுக்கமாட்டார். இதெல்லாம் உனக்கு நான் முன்பே சொன்னதுதான். ஆனால் அம்மா அந்த இடத்தில் நிறுத்தியதை நீயாகவே பிடித்துக்கொண்டாய். உனக்கு அப்படியொரு காது. அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடமே கேட்டாய்.

"இரிக்கிறவனுக்கு ஆரும் ஒப்பாரி வைப்பாங்களா புள்ள?" என்றார் அம்மா. "நான் அவன்ட பேரச் சொல்லி அழுதுட்டா, மறுகா அவன் எந்த வீட்டுக்கு வாறது?"

நீ தலையை ஆட்டினாய். உனக்கு விளங்கியது. விளங்காமல் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

அடுத்த வருடம் உன் தயாரிப்பு, மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய். ஆள் என் அம்மாதான், நடிப்பது நீ. முந்தானையை அள்ளிச் செருகுவது, வாசல் படலைப் பக்கம் பார்க்காமலே படலையைக் கவனிப்பது, எல்லாம் அப்படியே. நான் சம்மதித்தேன். சேலையும் தந்தேன். முதல் வரைவில் அவள் கடைசிவரை அழமாட்டாள். அதைப் பார்த்த விரிவுரையாளர், "முடிவு காணாது, சனம் அப்படியே எழும்பிப் போயிரும்" என்றார். அடுத்த ஒத்திகையில் அவள் நிலத்தில் விழுந்து மகனின் பெயர் சொல்லி ஒப்பாரி வைத்தாள். நான் அழுதுவிட்டேன். அழுததை நீ பார்த்தாய். அறைக்கு வந்ததும், அந்த இடம் வேண்டாம், எடுத்துவிடு என்றேன். "சரி கா, எடுத்திர்றன். நீ அம்மாவக் கூட்டிட்டு வா" என்றாய். அந்தச் சொல்லை நம்பித்தான் ஊருக்குப் போனேன். நான் அழுததுதான் உன்னை அந்தச் சொல்லை மீறவைத்ததா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

வாவிக்கரை வெட்டைவெளியில் மேடை. எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வான் பிடித்து அம்மாவோடு வந்திருந்தார்கள். அவர்களை முன்வரிசைப் பாயில் இருத்தினேன். வெயில் இறங்கும் நேரம் நீ விழுந்தாய். எங்கள் ஊர் மெட்டில், அம்மாவின் குரலில், மகனைக் கூப்பிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மேடையிலிருந்து பார்த்தாய். எங்கள் பெண்களுக்கு அந்த மெட்டைக் கேட்டால் பார்வையாளராக இருக்கத் தெரியாது. ஒப்பாரி எழும்பினால் உரியவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக அம்மாவைச் சுற்றி வந்து குந்தினார்கள். தோளில் கை போட்டார்கள். அண்ணாவின் பெயரைச் சொல்லி, உண்மைப் பெயரைச் சொல்லி, அழத் தொடங்கினார்கள். அவ்வளவு கைகளுக்கும் நடுவில் அம்மா நிமிர்ந்து இருந்தார். அழவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ நிறுத்தியிருக்கலாம். குரலை இன்னும் உயர்த்தினாய்.

பார்வையாளர் பங்கேற்பு என்று அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. உனக்குத்தான் அந்த வருடம் அதிகூடிய புள்ளி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உள்ளே போகவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்தார். சாவீட்டுக்குப் போய் வந்தால் அப்படித்தான் செய்வார். நான் துவாய் எடுத்துக்கொண்டு போனேன். "எல்லாருமாச் சேந்து அழுது முடிச்சிட்டீங்க" என்றார். அதற்குமேல் இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

அடுத்த நாள் உன்னிடம் வந்து சண்டை போட்டேன். நீ கட்டிலில் இருந்தபடி, பாராட்டுப் பூக்கள் சுற்றி வந்த தாளை மடித்துக்கொண்டிருந்தாய். "அம்மாட பாரம் இறங்கியிரிக்கும் கா. நீ பயப்பிடாத" என்றாய். அது இறக்கி வைப்பதற்கான பாரம் இல்லை என்றேன். நான்கு வருடம் படித்தும் எனக்குக் கலை விளங்கவில்லை என்றாய். அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன்.

அதற்கு முன்பெல்லாம் சந்தையில், கோயிலில், கண்ட இடத்தில் சனம் அம்மாவை நிறுத்தி மூத்தவன்ட சேதி ஏதும் உண்டா என்று கேட்கும். அந்த மாலைக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. அழுதாயிற்றல்லவா. ஆடி அமாவாசைக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்து, இனி மகனுக்கும் சேர்த்தே திதி கொடுத்துவிட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். அம்மா சாவீடுகளுக்குப் போவதையே விட்டார். நீ மேடை மேடையாகப் போனாய். காயங்களை ஆற்றும் கலைஞர் என்று உன்னைப் பற்றி எழுதினார்கள். நான் பத்திரிகையை மடித்து அலுமாரித் தட்டுக்கு விரித்தேன்.

நீ செத்த செய்தியை அம்மாவிடம் சொல்லாமல் விட நினைத்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். "நம்மட வீட்டுல சோறு திண்ட புள்ள. போகாம ஏலா" என்று சேலையை மாற்றிக்கொண்டு நின்றார். இருபது வருடத்துக்குப் பிறகு அவர் போன முதல் சாவீடு உன்னுடையது. வட்டத்தில் குந்தி உனக்கு ஒப்பாரி வைத்தார். ஐயாவைக் கூப்பிட்டார், பெரியம்மாவைக் கூப்பிட்டார், உன்னை மகளே என்றார். அடுத்து அண்ணாவைக் கூப்பிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவ்வளவில் நிறுத்தினார். உன் அம்மா என் தோளில் கை போட்டார். நானும் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. அம்மா உனக்குத் தந்ததைத் தர என்னால் முடியாது. கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டேன்.

இன்று காலை அந்தப் பிள்ளைகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கடைசி ஒப்பாரியை எடுத்துவிட்டால் வருகிறேன் என்றேன். "மிஸ், அதுக்காகத்தானே சனம் வரும்" என்றாள் ஒருத்தி, மரியாதையாகத்தான். நான் போகப்போவதில்லை.

அண்ணாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒருநாள் வந்து படலையைத் திறந்தாரென்றால், ஊர் கூடி அவருக்கு அழுது முடித்துவிட்டது என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும். அம்மா சொல்லமாட்டார். நீயும் இல்லை. எந்த இடத்தில் தொடங்குவது, உன் பெயரைச் சொல்வதா விடுவதா, அவரை முதலில் இருத்திவிட்டுச் சொல்வதா என்று படிப்பிக்கப் பாடசாலைக்குப் போகிற வழியிலெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இருபது வருடமாக.