டொக்டர் எழுதிய ‘இருக்கலாம்’

யூஜினா,

கொட்டாஞ்சேனைக்கு, உன்ர அம்மா வீட்டுக்கு நீ போய் ஒன்பது நாள். வயிற்றுவலி எப்படி என்று கேட்க எனக்கு முகமில்லை.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில, நோயாளிகளின்ர விவரம் பதியிற என்ர வேலையில, உன்ர பழைய ரிப்போர்ட்டைத் திறந்தனான். முதல் டொக்டர் எழுதினது, “மனப்பதற்றமாக இருக்கலாம், ஸ்கேன் செய்து பார்க்கவும்.” எங்கட கொம்பியூட்டரில ‘இருக்கலாம்’ என்று பதிய இடமில்லை. ஒரு நோயின் குறியீட்டைப் போட்டால்தான் அடுத்த பக்கம் வரும். மனப்பதற்றம் என்று போட்டவன் நான்தான். பிறகு வந்த மூன்று டொக்டர்மாரும் அந்த வரியை வாசித்தார்கள், உன்ர வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. “மூன்று டொக்டர் சொல்லியும் உனக்கு விளங்கேல்லையா?” என்று நானும் கத்தினனான்.

முதல் எழுதின டொக்டரிட்டையே கையெழுத்து வாங்கி, “வயிற்றுவலி, காரணம் தெரியாது” என்று மாற்றியிருக்கிறன். வெள்ளிக்கிழமை ஸ்கேன், வா. இந்த முறை உன்ர வலியை டொக்டரிட்டை நீயே சொல்லு. நான் பக்கத்தில் இருப்பன், வாய் திறக்கமாட்டன்.

உன்ர அவசரக்காரன்
வெள்ளவத்தை