கம்மாபுரத்து இலுப்பை

ஆவணி, வியாழன் இரவு

கோடையில் பறித்த இலுப்பை இலைகளின் மரபணுச் சோதனை முடிவு இன்று வந்தது. விருத்தாசலம் நாற்றங்காலில் நாங்கள் வளர்க்கும் கன்றுகள் எல்லாமே ஒரு தாய் மக்கள். ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். கம்மாபுரத்தில் பாத்திமா அக்கா நிலத்து மரம் மட்டும் வேறு வம்சம். அதன் விதையைக் கேட்கலாம் என்று உடனே வண்டியை எடுத்தேன்.

மரம் இல்லை. வேரோடு பிடுங்கிய குழிதான் இருந்தது.

"நிலமே நெலக்கரி சுரங்கத்துக்குப் போவுதுன்னாங்க. அதான் போன வாரம் சூளைக்கு வித்துட்டோம்" என்றார் அக்கா. "எல பறிக்க வந்தப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா வுட்டு வெச்சிருப்பனே."

அப்போது எனக்கே தெரியாது.

ஆய்வகத்தில் அந்த மரத்தின் இலைத்தூள் ஒரு சிட்டிகை இருக்கிறது. அது முளைக்காது.