உன் பிழைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி

வில்லெம்ஸ்டாட்
வியாழக்கிழமை

அன்புள்ள ஷெர்வின்,

ராட்டர்டாமில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், மூன்று வாரமாக நீ போனை எடுக்காததால் அப்படித்தான் நினைக்க முடிகிறது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவுகிறேன். மிலூஷ்கா தன் கல்யாண உடையை இரண்டாவது முறையாகப் பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். அண்ணன் வருவான், ஆனால் விருந்தில் பேச மாட்டானாம், வேறு ஆளைப் பார்க்கச் சொன்னான் என்று நேற்று சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். குடும்பக் குழுவில் உன்னை மாணவன் என்று நம் பாப்பியாமெந்து மொழியில் சொல்லிக்கொள்ள 'ஸ்தூடியாடோ' என்று எழுதினாய். "ஸ்தூடியாடோ தொரை வராரு, வழி விடுங்கடா" என்று ரிக்னால்ட் மாமா ஆரம்பித்தான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

இந்தச் செவ்வாய், வெளியூர்க்காரர்களுக்கு நம் மொழி சொல்லிக்கொடுக்கும் என் மாலை வகுப்பில் அதே பாடம், வினையிலிருந்து பெயர். காந்தா என்றால் பாடு, காந்தாடோ பாடுகிறவர், பிஸ்கா என்றால் மீன்பிடி, பிஸ்காடோ மீனவர். செயலையே சொல்வதற்கு மெந்து சேர்க்க வேண்டும், யோரா அழு, யோராமெந்து அழுகை, நம் பாப்பியாமெந்துவே பாப்பியா, அதாவது பேசு, என்பதிலிருந்து வந்ததுதான் என்றேன். எல்லா வினைக்கும் டோ ஒட்டாது, மாணவன் என்பதற்கு ஸ்தூடியாந்தே என்று நான் சொல்வதற்குள் ஹெஸ்டர் என்கிற டச்சு நர்ஸ் எழுந்து, தான் ஒரு ஸ்தூடியாடோ என்றாள். வகுப்பே கைதட்டியது. "விதி பிடிபட்டுடுச்சு உனக்கு, அது போதும்" என்று நானும் தட்டினேன். அப்புறம் பலகைப் பக்கம் திரும்பி, எழுத்து எல்லாம் போன பிறகும் அழித்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ரிக்னால்டைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். "அக்கா, அவ வெளியூர்க்காரி, பாவம், முயற்சி பண்றா. இவன் நம்ம புள்ள, இவனுக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "அதை நீதான் சொல்லணும், ஊருக்கெல்லாம் டீச்சரம்மா" என்றான். ஆறு வயதில் நீ அப்பாவோடு அங்கே போன பிறகு, பள்ளியில் பின்தங்கிவிடக்கூடாது என்று போனில் நான் உன்னோடு டச்சில் மட்டுமே பேசினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதற்கும் அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு.

பேசுகிறவர்கள் பட்டியலில் உன் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று மிலூஷ்காவிடம் சொல்லியிருக்கிறேன். நீயாகக் கேட்டாலொழிய ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். இனி உன்னோடு டச்சில் பேசவும் மாட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன், உங்களுக்கு அப்போது பிற்பகல். வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆனாலும் நான் போனை வைக்கப் போவதில்லை.

பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

நீ எடுக்கும்வரை கூப்பிடப் போகிற,
அம்மா