நகராத தீயணைப்பு வண்டி

அப்பா,

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்த அட்டைப்பெட்டி கீழே வந்தது. சணல் கயிற்றில் நான் போட்ட அதே முடிச்சு. உள்ளே நம் வீடியோ கேம். உங்கள் கன்ட்ரோலரைத்தான் முதலில் கையில் எடுத்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மதுரை மாமா பழசாக வாங்கிக் கொடுத்தது. ஒரே ஒரு டிஸ்க். மதில் சூழ்ந்த ஊருக்குள் கார்களும் லாரிகளும் ராக்கெட் விட்டு ஒன்றையொன்று கொளுத்தும் ஆட்டம். சிவகாசிப் பக்கத்து ஊர் வீட்டுக்கு வேறு என்ன ஆட்டம் வந்து சேரும்? எனக்குச் சிவப்பு ஜீப், உங்களுக்கு எப்போதும் தீயணைப்பு வண்டி. பகலெல்லாம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலந்துவிட்டு, குளித்து, வந்து உட்காருவீர்கள். கன்ட்ரோலரைத் தொடுமுன் உள்ளங்கையைத் தரையில் ஒரு தடவை வைப்பீர்கள். மருந்து ரூமுக்குள் நுழையுமுன் உடம்பு மின்சாரத்தை இறக்கச் செம்புத் தகட்டைத் தொடுவீர்களே, அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. நான் கேலி செய்வேன்.

ஒரு ராக்கெட்கூட நீங்கள் விட்டதில்லை. "சுடுங்கப்பா!" என்று கத்துவேன். "வெடி நமக்குப் பகல்லயே போதும் தாயி" என்று சந்து சந்தாக ஓடுவீர்கள். என் ராக்கெட் எல்லாம் தீர்ந்தபின் பின்னால் வந்து ஒரே இடி, ஜீப் கவிழ்ந்துவிடும். உங்களை நான் ஜெயித்ததே இல்லை.

ஆனால் பகலில் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. தூரத்தில் சத்தம் கேட்டால் வகுப்பே ஜன்னலுக்கு ஓடும். புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். உங்கள் கம்பெனித் திசை இல்லையென்றால் எனக்கு மூச்சு வரும், வேறொருத்தி அழத் தொடங்குவாள். என் பெஞ்சுக்காரி அழுத அன்று நான் சோற்றைத் தொடவில்லை. இனி அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று ஒரே பிடியாக நின்றேன். என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஞாயித்துக்கெளம ஒரு ஆட்டம் போடுவோம். நீ செயிச்சுட்டா வேலைய விட்டுர்றேன். இப்பச் சாப்புடு."

சனிக்கிழமை, நீங்கள் வேலையில் இருந்தபோது, உங்கள் கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றினேன். வண்டியை ஓட்டும் பட்டனுக்குக் கீழே ரப்பருக்கு அடியில், அமுக்கினாலும் வேலை செய்யாதபடி, ஒரு மத்தாப்பு லேபிளை எட்டாக மடித்துச் செருகி மூடினேன்.

மறுநாள் தீயணைப்பு வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. "என்னத்தா இது, நகரவே மாட்டேங்குது" என்று முகத்தைச் சுளித்தீர்கள். மூன்றே ராக்கெட்டில் எரிந்து போனது. "சரி, சொன்னா சொன்னதுதான்" என்று எழுந்துவிட்டீர்கள். அன்றைக்கே பெட்டியைக் கட்டிப் பரணில் ஏற்றினேன்.

பிறகு விருதுநகர் மிளகாய் மண்டி வேலை. நெடி ஏறி இருமிக்கொண்டே வருவீர்கள். உங்கள் கைக்கு ஈடில்லை என்று போர்மேன் புகழ்ந்த மனிதரை ஏமாற்றி மிளகாய் மூட்டைக்கு நடுவே உட்கார வைத்துவிட்டேனே என்று, ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு உள்ளே சுடும். கல்யாணத்தன்று உங்கள் காலில் விழுந்தபோதுகூடச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. போன வருடம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழவே இல்லை.

இன்று அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று கன்ட்ரோலரைத் திறந்தேன். தாளைக் காணோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா சிரித்தாள்.

"அதச் சனிக்கெளம சாயந்தரமே எடுத்துட்டாகளே! திருகு லூசா இருக்குன்னு தொட்டதுமே கண்டுபிடிச்சிட்டாக. மருந்து ரூம்ல நிக்கிற கைக்கு அது தெரியாதா?"

"அப்ப வண்டி ஏம்மா ஓடல?"

"அமுக்குனாத்தான ஓடும்? அவுகளுக்கே உள்ளுக்குள்ள அம்புட்டுப் பயம். போர்மேன்கிட்டப் போயி பயமா இருக்குன்னு சொல்ல வெக்கம். மககிட்டத் தோத்துட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டாக. புள்ள செயிச்சதாவே இருக்கட்டும், சொல்லாதேன்னு என் வாயையும் அடைச்சுட்டாக."

எழுந்து போய், உங்கள் பழைய கம்பெனி அடையாள அட்டையின் உறையைப் பீரோவிலிருந்து எடுத்து நீட்டினாள். உள்ளே எட்டாக மடித்த லேபிள்.

அழுதேன் அப்பா. ஆனால் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மனசு லேசாகி அழுதேன். அந்த மிளகாய் நெடி நீங்களாகத் தேடிப் போனது. இருமினாலும் தினமும் வீட்டுக்கு வந்து இருமினீர்கள். எனக்கு அது போதும்.

லேபிள் இப்போது என் பர்ஸில் இருக்கிறது. சாயந்தரம் அம்மாவின் பழைய டிவியில் ஒயரை மாட்டினேன். உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். தீயணைப்பு வண்டியை எடுத்து, உங்கள் பட்டனை அமுக்கினேன்.

ஜோராக ஓடுகிறது. நான் கள்ளி என்றால் நீங்கள் பெரிய கள்ளன், அப்பா.