தொட்டியடிப் பூட்டைத் திறக்கக் கோரி

அனுப்புநர்
தையற்காரி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, முதல் மாடி.

பெறுநர்
உயர் அலுவலர் அவர்கள்,
பராமரிப்புப் பிரிவு, நகர அலுவலகம்.

பொருள்: மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் கீழுள்ள பொது இடத்தை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்ததை ரத்து செய்து, அதன் பராமரிப்பைத் தெருவாசிகளான எங்களிடமே திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இதே தொட்டியடி குப்பைமேடாக நாறியபோது நான் அனுப்பிய மனுக்களெல்லாம் தங்கள் அலுவலகத்தில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. யாரும் எட்டிப் பார்க்காததால்தான் நாங்களே துடைப்பத்தைக் கையில் எடுத்தோம். அந்த வகையில் தங்களுக்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். இன்றைய புகார் வேறு. தாங்கள் எங்களுக்கு ஒரு நன்மை செய்துவிட்டீர்கள். அதைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

2. எங்கள் தெரு லாரி ஓட்டுநர் தன் ஓய்வு நாட்களில் குப்பையை அள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் வீட்டுக் கணக்கு டீச்சர் தொட்டியின் தூண்களுக்கு வெள்ளையடித்தார். தூணைவிட அவர் புடவைக்குத்தான் நன்றாகப் பிடித்தது. அன்று முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம்: தொட்டியடிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு கைவேலை, பிறகுதான் உட்காரலாம். செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலும் போதும். வெறுங்கையோடு வந்து உட்காரக் கூச்சப்படுகிறவர்கள்கூட இதனால் தைரியமாக வந்தார்கள்.

3. உட்காரத் தூண்களுக்கு நடுவே பெஞ்சு போட முடிவு செய்தபோது, பலகைக்கு அளவு கொடுத்தது நான். கைப்பழக்கம் ஐயா, யாரைக் குற்றம் சொல்ல? துணிக்கு மடிப்பு விடுவதுபோல் பலகைக்கும் இரண்டு ஓரமும் தாராளமாக விட்டு அளவு சொல்லிவிட்டேன். வந்த பலகைகளில் ஒன்றுகூடத் தூண்களுக்கு நடுவே நுழையவில்லை. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

4. என் அண்ணன் தச்சர். பக்கத்து வீட்டில் இருக்கிறார். அண்ணி இறந்த பிறகு உளியையும் ரம்பத்தையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான். நான் கொண்டுபோகும் சோற்றைச் சாப்பிடுவார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், ஆள் அசையவில்லை. ஜன்னல் வழியே என் பலகைகளைப் பார்த்த அன்று மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. ரம்பத்தோடு தடதடவென்று இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் கேட்டார்: "இது என்ன துணியா? ஓரம் மடிச்சுத் தைக்கப் போறியா?" எனக்கு மானம் போயிற்று. ஆனால் அந்தத் திட்டைக் கேட்க நான் எத்தனை காலம் தவம் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

5. அதன்பின் அவர் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. பெஞ்சுகளை முடித்தார். ஆளாளுக்கு வீட்டில் ஆடிக்கொண்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரும் அலுத்துக்கொண்டே சரிசெய்தார். டீச்சரோடு அரசியல் பேசினார். என் சமையலில் உப்புக் குறைவு என்று ஊருக்கே சொன்னார். சம்பளமில்லாத வேலையில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: எனக்கு என் அண்ணன் கிடைத்தார்.

6. இந்நிலையில், "இனிப் பொதுமக்கள் சிரமப்பட வேண்டியதில்லை" என்று தங்கள் கடிதம் வந்தது. பின்னாலேயே ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வந்து, தொட்டியடி வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். நாங்களெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் திறப்பாராம். "நீங்க சும்மா வந்து உட்காருங்க, எதையும் தொடாதீங்க," என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. அண்ணன் சும்மா உட்காரத் தெரியாத மனிதர். பழையபடி ஜன்னலுக்குப் போய்விட்டார். பழையபடி "ம்" தொடங்கிவிட்டது. பொதுமக்கள் பட வேண்டாம் என்று தாங்கள் எழுதினீர்களே ஐயா, அந்தச் சிரமம்தான் எங்களுக்கு வேண்டும்.

7. ஆகவே, பூட்டுச் சாவியை எங்களிடம் தர உத்தரவிடவும். ஒப்பந்ததாரர் பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கமல்ல. பேருந்து நிலையத்தின் பின்பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிகிறது. அங்கே அனுப்பினால் அவருக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். எங்கள் வேலையில் குறை உண்டென்றால் தாங்களே நேரில் வந்து பார்க்கவும். தங்களுக்கும் ஒரு குவளையும் செடியும் தயாராக இருக்கும். வந்து பார்த்தால் தாங்கள் மறுக்கமாட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

8. இம்மனுவை மடிப்பதற்கு முன், நான்காம் பத்தியை அண்ணனுக்குத் தெரியாமல் அனுப்புவது முறையல்ல என்று அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் படித்தார். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். "என்னைப் பத்தி இவ்வளவு எழுதிட்டு, என் கையெழுத்து இல்லாம அனுப்புவியா? பேனாவைக் கொடு," என்றார். கையெழுத்தின் கீழே தொழிலையும் அவரே எழுதினார். அண்ணி போன பிறகு அந்தச் சொல்லை அவர் எழுதி நான் பார்த்ததில்லை. தாங்கள் முடிவெடுக்கும் முன் அதை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: தொட்டிக்கு எதிர்வீடு
நாள்: பூட்டு விழுந்த வாரம், வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
தையற்காரி

(ஒப்பம்)
தச்சர்