காலி வண்டிக்கு மட்டம்

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். எடமலைப்பட்டி புதூர் முழுக்கச் சேறு, பட்டறை வாசல் உட்பட. தங்கச்சி வீட்டுக்காரர் செல்வம் பிக்கப்போடு வந்துவிட்டார். மாடு ஏற்றும் வண்டி. பாரம் தாங்கப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூட்டி உயர்த்திக் கொடுத்ததும் நான்தான். இப்போது முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதாம்.

"சந்தையில சிரிக்கிறாங்க மச்சான். வண்டி கும்பிடு போடுதாம்."

"மாடு ஏறினா பின்னாடி இறங்கிடும் மாப்பிள்ள. அதுக்குத்தான் அந்த உயரம்."

கேட்டால்தானே. போனில் தங்கச்சி வேறு: "செஞ்சு குடுத்துடுண்ணே." செய்தேன். முன் காயில் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, தலையில் ஒன்றரை இஞ்ச் ஸ்பேசர் வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். டேப் வைத்து நாலு பக்கமும் அளந்தேன். நூல் பிடித்தாற்போல் மட்டம். அழகுதான், பொய் சொல்வானேன்.

பிரேக் ஹோஸ் - நீளம் போதும்.
அலைன்மென்ட் - பக்கத்துக் கடையில் ஆச்சு.
ஹெட்லைட் - மாடு ஏற்றிப் பார்த்து வெளிச்சத்தைக் கீழே இறக்கணும். இருட்டினால்தான் சுவரில் தெரியும்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பியாகணும் என்று செல்வம் ஒற்றைக்காலில். "லைட்ட அடுத்த வாரம் பாத்துக்கலாம் மச்சான்." டயருக்கு ஒன்றாக நாலு பழமும் நானே வைத்தேன்.

11, செவ்வாய்

மழை. ஒரு கியர்பாக்ஸ், பாதி வேலை. ஏழு மணிக்குத் தங்கச்சி போன், அழுகை. மூன்று மாட்டோடு மணப்பாறை போகிற வழியில், பொழுது சாயும் நேரம், எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் நேராக வண்டியில் மோதிவிட்டார். செல்வத்துக்குக் கீறல்கூட இல்லை.

12, புதன்

தில்லை நகர் ஆஸ்பத்திரி. ஸ்கூட்டரில் வந்தவர் ஸ்ரீரங்கத்து வாத்தியாராம். இடது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்தாச்சு.

வராந்தாவில் செல்வம், போகிற வருகிறவர்களிடமெல்லாம்: "நான் டிம்லதாங்க வந்தேன்." வாத்தியாரின் மனைவி யாரையும் பார்க்காமல்: "எங்காத்துக்காரர் பொய் சொல்லமாட்டார். கண்ணுல வெளிச்சம் அடிச்சதுன்னா அடிச்சதுதான்."

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். பாரம் ஏறியதும் பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கிவிடும். அப்புறம் டிம் லைட்டே எதிரில் வருகிறவர் கண்ணில்தான். இது தெரிந்தே செய்தவன் நான்.

அந்த அம்மா கேட்டார், "நீங்க யாரு?" சொந்தம் என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

14, வெள்ளி

மழை விட்டது. ஸ்பானர் செட்டில் 17ஆம் நம்பரைக் காணோம். தங்கச்சி பட்டறைக்கே வந்தாள்.

"ஸ்பேசர் போட்டது யாருக்கும் தெரிய வேணாண்ணே. அவர் லைசென்ஸ் போயிடும். ரெண்டு புள்ளைங்க."

தப்பு வாத்தியார் மேல்தான் என்று போலீசில் எழுதப் போகிறார்களாம். அப்படியானால் அவருக்குக் காலும் போச்சு, நஷ்ட ஈடும் போச்சு. தெரிந்தும் தலையாட்டினேன். மானங்கெட்ட தலை.

17, திங்கள்

வெயில். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிக்கப். காலியாக. வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பிரேக் மிதித்தார், ஸ்டீயரிங் ஆட்டினார், லைட்டைப் போட்டு அணைத்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்.

"வண்டி மட்டமா நிக்குது. குறை ஒண்ணுமில்ல. அந்தாளுதான் பாக்காம வந்திருக்காரு."

செல்வமும் பக்கத்தில் நின்ற தங்கச்சியும் மூச்சு விட்டார்கள். வாத்தியாரின் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

"சார், மூணு மாடு ஏத்திட்டு லைட்டப் பாருங்க."

"நீங்க யாரு?"

"முன்பக்கத்தத் தூக்கினவன்."

பேர் கேட்டார், சொன்னேன். பட்டறை எங்கே என்றார், சொன்னேன். எழுதி முடித்து அவர் நிமிர்வதற்குள் தங்கச்சி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.