பத்தொன்பது போன்கள்

சந்திரன் தென்முனைக் குடியிருப்பு. செயலிப் பிரிவு. பதிபவர்: செங்கமலம்.

2091 மார்ச் 4, 10:20
காற்றழுத்தம் குறைந்தால் போனில் அலறும் ‘மூச்சு’ செயலியின் புதிய பதிப்பு இன்று வெளியானது. பிரிவில் இரண்டே பேர், நானும் கலிவரதனும். இங்கே புழங்குவது இரண்டு வகைப் போன். ‘அகல்’ வைத்திருப்போர் 212. ‘துருவம்’ வைத்திருப்போர் 19. இந்தப் பத்தொன்பது பேரும் பனிச்சுரங்க மேஸ்திரிகள். தடித்த கையுறையோடு அழுத்த அதுதான் தோது. மேஸ்திரியின் போன்தான் அவர் குழுவுக்கே எச்சரிக்கை மணி. இரண்டு வகையிலும் சோதித்தாயிற்று.

மார்ச் 9, 15:05
நான்காம் சுரங்கத்தில் கசிவு. தடுப்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. மேஸ்திரி நாவுக்கரசும் இரண்டு தொழிலாளர்களும் உள்ளே. அவருடைய துருவத்தில் மூச்சு அலறவில்லை. அலறியிருந்தால் கதவு மூடுமுன் வெளியே வந்திருப்பார்கள்.

15:40
காரணம் தெரிந்தது. திரை அணைந்ததும் துருவம் எங்கள் செயலியை நிறுத்திவிடுகிறது. ஐந்து நிமிடம் சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும். சோதிக்கவில்லை. மார்ச் 4 அன்று நான் எழுதியது பொய். "துருவத்துல ஒரு தடவகூட ஓட்டிப் பாக்கலயேக்கா" என்று அன்றே கலிவரதன் செய்தி அனுப்பியிருந்தான். "பத்தொம்பது பேருதான, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று பதில் போட்டேன்.

17:10
கதவை அறுக்க இன்னும் இரண்டு மணி நேரம். உள்ளே நாற்பது நிமிடக் காற்று. நாவுக்கரசுக்கும் அது தெரியும். வானொலியில் என்னைக் கேட்டார்.
"செங்கமலம், போன் அடிக்கவே இல்லம்மா. நாந்தான் எதயாச்சும் அமுக்கித் தொலச்சிட்டேனா?"
"தெரியலண்ணே. இருக்கலாம்."
"அப்படித்தான் இருக்கும். இவங்க ரெண்டு பேரும் என்னைய நம்பில்ல நின்னாங்க."
இருக்கலாம் என்றேன். சாகப்போகிறவரிடம். அந்த ஒரு சொல்லை நான்

17:52
உள்ளிருந்து ஒலி இல்லை.

மார்ச் 11, 11:30
விசாரணைக் குழு ‘பயன்படுத்தியவரின் தவறு’ என்று முடித்துவிட்டது. ஆதாரம் அவரே வானொலியில் சொன்னது. நேற்றே, யாருக்கும் சொல்லாமல், துருவத்தின் பிழையைச் சரிசெய்து அனுப்பிவிட்டேன். அதற்கு ஐந்து வரி போதுமாயிருந்தது.
அவர் மனைவி வேதநாயகியின் குரல்செய்தி: "அவரு கவனமில்லாம இருந்துட்டாரும்மா. மத்த ரெண்டு வீட்டுலயும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். நீ கஷ்டப்பட்டுப் பண்ணுனதுக்கு அவரால கெட்ட பேரு. மனசுல வச்சுக்காத."
மூன்று முறை கேட்டேன். சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, 09:15
இந்தப் பதிவு முழுவதையும், முதல் பொய்யையும் திருத்தாமல், எல்லாப் போன்களுக்கும் அனுப்பினேன். கலிவரதன் மாட்டேன் என்றான். நானே அழுத்தினேன்.

09:31
கலிவரதனின் செய்தி: "அக்கா, வேதநாயகியம்மா படிச்சிட்டாங்க. உங்க அறையப் பாத்துதான் வர்றாங்க. தாப்பா போட்டுக்கங்க."
போடவில்லை. காலடிச் சத்தம் வாசலில் வந்து நின்றுவிட்டது. தட்டவில்லை. அழுகிறார். நான் எழுந்து கதவை